கேஸை விட்டு மின்சாரத்துக்கு: பியர் அண்டாவில் இரண்டு எலிமென்ட் பொருத்துவது எப்படி?

பிரிட்டனில் வீட்டுத் தேவைக்கு பியர் காய்ச்ச 1963 முதல் உரிமம் வேண்டியதில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: அங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. நீங்கள் இதை வெந்நீர் போடுவதற்கான குறிப்பாக மட்டும் படித்துக்கொள்ளலாம்.

மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), ஹாப்ஸ், ஈஸ்ட் போன்ற மூலப்பொருள்கள் பற்றி இங்கே பேசப்போவதில்லை. கேஸில் 23 லிட்டர் காய்ச்சிப் பழகியவர்களுக்கான குறிப்பு இது. தோட்டத்தில் அடுப்பை வைத்தால் காற்றில் பாதிச் சூடு போய்விடுகிறது. சமையலறைக்குள் கொண்டுவந்தால் கார்பன் மோனாக்சைடு பயம். தண்ணீருக்குள் மூழ்கி மின்சாரத்தில் சூடாகும் எலிமென்டுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. கிரெயின்ஃபாதர், ப்ரூஜில்லா போன்ற, பியர் காய்ச்சும் முழு மின் இயந்திரங்கள் நல்லவைதான். ஆனால் கையில் அண்டா இருக்கும்போது நூற்றுக்கணக்கான பவுண்டு கொடுத்து இன்னொன்று எதற்கு?

1. எலிமென்ட்

40 லிட்டர் எவர்சில்வர் அண்டாவுக்கு 2.4 கிலோவாட் எலிமென்ட் இரண்டு வாங்குங்கள். 3 கிலோவாட்டில் ஒன்றே போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது பிரிட்டிஷ் பிளக்கின் 13 ஆம்பியர் எல்லையை ஒட்டியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். பிளக் சூடாகாமல் என்ன செய்யும்? இரண்டு இருந்தால், 65 டிகிரியில் இருக்கும் 28 லிட்டர் வோர்ட் (இன்னும் புளிக்காத மால்ட் சாறு) ஏறக்குறைய கால் மணியில் கொதிநிலைக்கு வந்துவிடும். பிறகு ஒன்றை அணைத்துவிடலாம். அண்டாவைச் சுற்றிக் காப்புத் துணி கட்டியிருந்தால் மற்றது கொதியைத் தாங்கிக்கொள்ளும். நடுவில் ஒன்று எரிந்துபோனாலும் அன்றைய வேலை நிற்காது.

2. துளை

எலிமென்டின் கழுத்தை அளந்த பிறகே டிரில்லில் மாட்டும் துளை ரம்பம் வாங்குங்கள். அடியிலிருந்து சில சென்டிமீட்டர் மேலே, இரண்டும் ஒன்றையொன்று தொடாத இடத்தில் குறியிடுங்கள். சிறு துளை போட்டு, எண்ணெய் விட்டு, டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். வேகம் கூடினால் எவர்சில்வர் இறுகிவிடும். ரம்பப் பல்தான் போகும். விளிம்பை அரத்தால் ராவிவிட்டு, சிலிக்கான் வாஷரை உள்பக்கம் வைத்து முடுக்குங்கள்.

அந்த வாஷரே சில வேளை எலிமென்டுக்கும் அண்டாவுக்கும் இடையே மின்தொடர்பு இல்லாமல் பிரித்துவிடும். ஆகவே பிளக்கின் எர்த் முனைக்கும் அண்டாவின் சுவருக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய பூஜ்ஜியம் ஓம் காட்டவில்லையென்றால், அண்டாவில் போல்ட் போட்டுத் தனி எர்த் ஒயர் இணைக்க வேண்டும். ஒயரிங் பழக்கம் இல்லாதவர்கள் இதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

3. ஒயர்: எனக்கு நேரம் தின்ற இடம்

மலிவான எலிமென்ட் பலவற்றின் பின்புறத்தில் கணிப்பொறியில் இருக்கும் அதே மூன்று கம்பி வாய் இருக்கிறது. கணிப்பொறி ஒயர் அதில் கச்சிதமாகப் போய் உட்காரும், தண்ணீரும் கொதிக்கும். இருபது நிமிடம் கழித்து அந்த முனையைத் தொட்டால் கை சுடும். கழற்றினால் துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம், கருகிய பிளாஸ்டிக் வாடை.

காரணம் எளிது. 2,400 வாட்டை 240 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். அந்த முனையின் உச்ச அளவும் அதுவே. அதோடு, சி13 எனப்படும் அந்த முனை 70 டிகிரி வரைதான் தாங்கும்; நாம் அதை 100 டிகிரியில் கொதிக்கும் சுவரில் செருகுகிறோம். சி15 முனை வாங்குங்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் நடுவில் சிறு பள்ளம் வெட்டியிருக்கும். 120 டிகிரி தாங்கும். கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். முனை தளர்வாக ஆடினால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

4. பிளக் பாயிண்ட்

இரண்டையும் ஒரே இரட்டைச் சாக்கெட்டில் செருகாதீர்கள். அது மொத்தமாக 20 ஆம்பியருக்குத்தான் சோதிக்கப்பட்டது. வேறு சர்க்யூட்டில் இருக்கும் சாக்கெட் கிடைத்தால் நல்லது. எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாதென்றால் சுருளை முழுவதும் பிரித்துவிடுங்கள். சுற்றியபடியே விட்டால் உள்ளே உருகும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

5. வெள்ளோட்டம்

முதலில் வெறும் தண்ணீர். எலிமென்ட் முழுக்க மூழ்கிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டுக் கசிவைப் பாருங்கள். நடுநடுவே அணைத்துவிட்டு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் அடுத்த முறை பியர். துணிப்பையில் தானியம் ஊறவைப்பவர்கள் எலிமென்டுக்கு மேலே ஒரு கம்பித் தட்டு வைக்க வேண்டும். நைலான் பை தொட்டால் ஓட்டையாகிவிடும்.

பின்சேர்க்கை

“சுவரெல்லாம் ஈரம் கோக்கிறதே, மூடி போடலாமா?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். கூடாது. வெளிர் மால்ட்டிலிருந்து எழும் டைமெத்தில் சல்ஃபைடு ஆவியோடு போக வேண்டும். மூடினால் பியரில் வேகவைத்த சோள வாடை வரும். ஜன்னலைத் திறந்து மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள்.

எலிமென்டில் கருகிய படலம் ஒட்டினால் சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீர். வெள்ளை உப்புப் படிவுக்கு சிட்ரிக் அமிலம். லண்டன் தண்ணீருக்கு இரண்டாவது அடிக்கடி தேவைப்படும்.

வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி சேர்க்க விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதனுள் எலிமென்டை ஆன்-ஆஃப் செய்யும் மின்னணு சுவிட்சான சாலிட் ஸ்டேட் ரிலே பழுதானால் பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே நின்றுவிடும். திரையில் என்ன எண் தெரிந்தாலும் எலிமென்ட் காய்ந்துகொண்டே இருக்கும். அதனால் பிளக் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.