வயிறு சரியில்லாத நாய்க்கு ஏற்ற உணவைக் கண்டுபிடிப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் சிப்பி என்றொரு நாட்டு நாய் வளர்கிறது. அதற்கு ஒன்றரை வயதானபோது தொடங்கிய வயிற்றுப்போக்கு, நிற்பதும் திரும்ப வருவதுமாக ஐந்து மாதம் நீடித்தது. அந்த ஐந்து மாதமும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. மூன்று நாள் தயிர்ச்சோறு, நான்கு நாள் கஞ்சி, பிறகு கடையில் வாங்கிய உலர் தீவனம் என்று மாற்றிக்கொண்டே இருந்தோம். அதுதான் தவறு. வயிறு அதிகம் கலங்கிய நாட்களில் எல்லோரும் சொல்வதுபோலக் கோழியை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தோம். அதன் வயிற்றுக்கு ஒவ்வாதது அந்தக் கோழிதான் என்பது கடைசியில்தான் தெரியவந்தது. முறையாகச் செய்தால் இதை ஆறேழு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், முதன்முறையாக நாய் வளர்ப்பவர்களுக்காக அந்த முறையை எழுதுகிறேன்.

முதல் படி: உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்

கழிச்சலுக்கெல்லாம் உணவே காரணம் அல்ல. நம் ஊரின் ஈரமண்ணில் கொக்கிப்புழு எளிதாகப் பரவும். அது குடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சுவதால் நாயின் ஈறு வெளுத்துப்போகும். புழு இருக்கும் நாய்க்கு எத்தனை வகை உணவு மாற்றினாலும் பயன் இராது. ஆகவே காலையில் போட்ட மலத்தில் ஒரு தேக்கரண்டி அளவைச் சுத்தமான டப்பாவில் எடுத்து, சில மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

குட்டி நாய் வாந்தியெடுத்து இரத்தமாகக் கழிந்தால் அது பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மலம் தார்போலக் கறுத்திருப்பது, தண்ணீர்கூட வயிற்றில் தங்காதது, பிடரித் தோலைத் தூக்கிவிட்டால் அது உடனே படியாமல் நிற்பது, எழ முடியாமல் கிடப்பது ஆகியவையும் அதே அவசரத்துக்கு உரியவை. தென்னந்தோப்பில் திரியும் நாய் தேங்காய் மட்டையைக் கடித்து நாரை விழுங்கிக் குடலடைப்புக்கு ஆளாகவும் கூடும். வயிறு உப்பி, தொடர்ந்து வாந்தியெடுத்தால் இதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் முதலிய மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

இரண்டாம் படி: ஒரு நோட்டு வாங்கி மலத்தைப் பார்த்து எழுதுங்கள்

அருவருப்பாகத் தோன்றினாலும், இந்த வேலையில் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. சிப்பியின் மலத்தை ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்த முதல் நாள், அதன் மேல் முட்டையின் வெள்ளைக்கரு போன்ற வழுவழுப்பான சளி படிந்திருந்ததையும், ஓரத்தில் குண்டூசித் தலையளவு சிவப்புத் துளி இருந்ததையும் கண்டேன். அது ஒரு நாளில் ஆறு முறை முக்கி முக்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகவே போனது. இவை பெருங்குடல் கலங்கியதன் அடையாளங்கள். சிறுகுடலில் கோளாறு என்றால் போகும் தடவைகள் அதிகம் கூடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் நிறையப் போகும், நாயும் மெலியும். இந்த ஒரு வேறுபாட்டைச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி வேலை குறையும். எண்ணெய் மினுங்கும் மலத்தைக் குவியலாகப் போட்டுக்கொண்டு, தீராப் பசியோடு தின்றும் இளைத்துக்கொண்டே போகும் நாய்க்குக் கணையத்தில் குறை இருக்கக்கூடும். ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

தேதி, கொடுத்த உணவு, எத்தனை முறை போனது, மலம் கட்டியா, களியா, தண்ணீரா, சளியோ இரத்தமோ உண்டா என்று ஒரு நாளுக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

மூன்றாம் படி: இதுவரை தின்றதையெல்லாம் நினைவுகூருங்கள்

பிறந்தது முதல் அது தின்றவற்றை, வீட்டில் உள்ள அனைவரையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். எங்கள் பட்டியலில் கோழி, சாளை மீன், மாட்டிறைச்சி, பால், பிஸ்கட், தோசை ஆகியவை இருந்தன. பக்கத்து வீட்டு அக்கா அன்றாடம் வேலிக்கு மேலே எறிந்துவந்த மீன்குழம்புச் சோறும் அப்போதுதான் தெரியவந்தது. தேங்காய் அரைத்த குழம்பில் கொழுப்பு மிகுதி. அதிகக் கொழுப்பு வயிற்றைக் கலக்குவதோடு கணைய அழற்சிக்கும் வழிவகுக்கக்கூடும். அதில் இருக்கும் உள்ளியும் (வெங்காயம்) பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. சிலருக்கு, குழம்புச் சோற்றையும் பாலையும் நிறுத்திய ஒரு வாரத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். அப்படித் தீர்ந்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம்.

நான்காம் படி: ஒரே ஒரு புரதம், ஒரே ஒரு மாவுச்சத்து

தீரவில்லையென்றால், பட்டியலில் இல்லாத ஓர் இறைச்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடல் ஒவ்வாமை கொள்வது ஏற்கெனவே பழகிய புரதத்தின் மீதுதான். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை நாய்களிடம் அடிக்கடி ஒவ்வாமை உண்டாக்குபவை. நாங்கள் பன்றி இறைச்சியைத் தேர்ந்தெடுத்தோம். நம் மாவட்டத்தில் அது எளிதாகக் கிடைக்கும். கொழுப்பையும் தோலையும் முழுவதும் நீக்கி, நன்றாக வேகவைத்து, ஆறியதும் மேலே மிதக்கும் நெய்யை எடுத்துவிட வேண்டும். எலும்பு கூடாது; வெந்த எலும்பு கூராகச் சிதறிக் குடலைக் கிழிக்கும்.

மீனை முன்பு தின்றிராத நாய்க்கு மீனும் நல்ல தேர்வே. ஆனால் பச்சையாகக் கொடுக்காதீர்கள்: பச்சைச் சாளையிலும் நெத்திலியிலும் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் உண்டு, அது வேகவைத்தால் போய்விடும். வெயிலில் கிடந்து கெட்ட அயிலையிலோ சூரையிலோ சேரும் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் வேகவைத்தாலும் போகாது. ஆகையால் உங்கள் தட்டுக்கு வாங்கும் அதே தரத்தில் வாங்குங்கள்.

மாவுச்சத்துக்கு வெள்ளைச் சோறு பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். சிப்பி சோறு தின்றே வளர்ந்ததால், நாங்கள் மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) எடுத்துக்கொண்டோம். மரச்சீனியில் சயனைடை வெளிவிடும் பொருள் இருப்பதால், தோலை ஆழமாகச் சீவி, சிறு துண்டுகளாக்கி, நிறைய தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிட வேண்டும். நம் வீடுகளில் அம்மாமார்கள் வழக்கமாகச் செய்வதுதான் இது. நாய்க்குத்தானே என்று எண்ணி அதைத் தவிர்த்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: அளவும் மாற்றும் வேகமும்

10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 முதல் 650 கிலோகலோரி தேவை. கொழுப்பு நீக்கி வேகவைத்த இறைச்சி 150 கிராமும், வெந்த மரச்சீனி 200 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகவும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். சோறு என்றால் 300 கிராம் வரை ஆகும். இதை ஒரே வேளையாகப் போடாமல் மூன்று அல்லது நான்கு வேளையாகப் பிரியுங்கள். முதல் இரண்டு நாள் பழைய உணவில் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, அதற்கடுத்த இரண்டு நாள் முக்கால் பங்கு, ஏழாம் நாள் முழுவதும் என்று மாற்றினால் குடல் பழகிக்கொள்ளும்.

ஆறாம் படி: காத்திருங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. முழுமையாக மாறிய நாளிலிருந்து குறைந்தது இரண்டு வாரம், இயன்றால் நான்கு வாரம், வேறெதுவும் வாய்க்குள் போகக் கூடாது. கூடவே தோல் அரிப்பும் இருந்தால் எட்டு வாரம் வரை தேவைப்படும். பிஸ்கட், மெல்லும் எலும்பு, இறைச்சிச் சுவையூட்டிய மாத்திரை எல்லாமே கணக்கில் சேரும். மாத்திரையை நிறுத்த முடியாதென்றால் சுவையூட்டாததைத் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். எங்கள் முதல் முயற்சி பதினோராம் நாளில் முறிந்தது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வந்திருந்த சித்தப்பா, பாசத்தோடு ஒரு கோழிக்காலை மேசைக்கு அடியில் நீட்டிவிட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. நாங்கள்தான் சொல்லாமல் விட்டோம். மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கி, அதன் பிறகு வாசல் கதவில் ஒரு தாளை ஒட்டிவைத்தோம். இரண்டாவது முயற்சியின் ஒன்பதாம் நாள் மலம் கெட்டியாகி, கையில் எடுத்தால் தரையில் ஒட்டாமல் வந்தது.

ஏழாம் படி: பழையதைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள்

குணமானதும் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் திரும்பக் கொடுத்துப் பார்க்காமல், குணம் உணவு மாற்றத்தால் வந்ததா, தானாக வந்ததா என்று சொல்ல முடியாது. நாய் நன்றாக இருக்கும்போது பழைய உணவில் ஒன்றை மட்டும் சிறிதளவு சேர்த்து, இரண்டு வாரம் வரை நோட்டைப் பாருங்கள். சிப்பிக்கு மாட்டிறைச்சி ஒன்றும் செய்யவில்லை. கோழி கொடுத்த மூன்றாம் நாள் அதே சளி, அதே சிவப்புத் துளி. உடனே நிறுத்தினோம்.

கடையில் உலர் தீவனம் வாங்குவதாக இருந்தால், பையின் முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்பக்கப் பொருள் பட்டியலை முழுவதும் படியுங்கள். ஆட்டிறைச்சி என்று பெரிதாக எழுதிய பையிலும் கோழித்தூளோ கோழிக்கொழுப்போ இருப்பதுண்டு. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், சில்லறையாகப் பிரித்து விற்கும் தீவனத்தைத் தவிர்த்துச் சிறிய பையாக வாங்கி, காற்றுப் புகாமல் மூடிவையுங்கள். பூஞ்சை பிடித்த தீவனத்தில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம்.

இறைச்சியும் மரச்சீனியும் மட்டுமான இந்த உணவு சோதனைக்காலத்துக்கு உரியது. இதில் சுண்ணாம்புச்சத்தும் பல வைட்டமின்களும் போதாது. வளரும் குட்டிக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே வேண்டாம். ஒவ்வாதது எது என்று தெரிந்த பிறகு, அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் கால்நடை மருத்துவரிடமோ, திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ சென்று, அதை விலக்கிய முழுச் சத்துணவு ஒன்றை வகுத்துத் தரச் சொல்லுங்கள். சிப்பி இப்போது மாட்டிறைச்சியும் சோறும், வேகவைத்த மத்தங்காயும் (பூசணி), மருத்துவர் அளந்து சொன்ன சுண்ணாம்புச்சத்துப் பொடியும் தின்கிறது. கதவில் ஒட்டிய தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது.