7530 வாட் ஃபேன்: கரண்ட் பில் கணக்கைச் சரிசெய்த கதை

வெப் பக்கங்களை இயக்கும் புரோகிராமிங் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் கற்கும் எல்லாரும் செய்கிற டூ-டூ லிஸ்ட் எனக்கு அலுத்துவிட்டது. சத்துவாச்சாரியில் மாடி வீடு, வேலூர் வெயிலுக்கு மே மாதம் ஃபேன் நிற்பதே இல்லை, அதனால் கரண்ட் பில் கணக்குப் போடும் ஒரு வெப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன்.

ஒரு ஃபேனின் வாட்டை மட்டும் அதில் போட்டால் யூனிட் சரியாக வந்தது. 75 வாட் ஹால் ஃபேனையும் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனையும் சேர்த்தால் 105க்குப் பதில் 7530! எட்டிப் பார்த்த அம்மா, "இது வீடா, ரைஸ் மில்லாடா?" என்றார். இன்புட் பெட்டியில் நாம் தட்டுவது எண்ணாக இருந்தாலும் பிரவுசர் அதை எழுத்தாகத்தான் கொடுக்கும். வாட்டை மணி நேரத்தால் பெருக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும், பிளஸ் போட்டால் மட்டும் இரண்டையும் அப்படியே ஒட்டிவிடும், அதனால்தான் ஒற்றை ஃபேனில் இது தெரியவே இல்லை. மதிப்பை வாங்கும் இடத்திலேயே, எழுத்தை எண்ணாக மாற்றும் நம்பர் ஃபங்ஷனில் போட்டேன், சரியாகிவிட்டது.

அப்புறம் ஸ்லாப், அதாவது யூனிட் கூடக் கூட ரேட் மாறும் படிகள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டும்தான் கூடுதல் ரேட் என்று நினைக்காதீர்கள், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் ரேட் ஏறிவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே லூப்பில் ஓட்டாமல், 500க்கு மேலா கீழா என்று முதலிலேயே இஃப் (நிபந்தனை) வைத்துப் பிரித்தேன்.

ஹால் ஃபேனையும் பிஎல்டிசி ஆக்கினால், தினம் 15 மணி நேரம் ஓடும் கணக்கில், 60 நாளுக்குச் சுமார் 40 யூனிட் மிச்சம். போன கோடையில் எங்கள் ரீடிங் 500ஐக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. அப்பாவிடம் பக்கத்தைக் காட்டினேன், ஃபேன் விலையையும் அதில் சேர்க்கச் சொல்கிறார்.