தமிழக வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் படிப்பது எப்படி?

இடித்துவிட்டு நிற்காமல் போகும் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ள ஓரிரு நொடிகள்தான் கிடைக்கும். எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்தவர் அதற்குள் பாதியையாவது பிடித்துவிடுவார்.

1. நிறம்

எழுத்தைப் படிக்கும் முன்பே நிறம் கண்ணில் படும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த வண்டி. மஞ்சளில் கறுப்பு என்றால் ஆட்டோ, டாக்சி, லாரி போலத் தொழிலுக்கு ஓடுவது. கறுப்பில் மஞ்சள் எழுத்து, நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடும் கார். பச்சைப் பலகை மின்சார வண்டிக்கு. அதில் எழுத்து வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி, மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி.

2. டிஎன், அடுத்து இரண்டு இலக்கங்கள்

1989-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளோடு இந்த முறை நடைமுறைக்கு வந்தது. டிஎன் மாநிலத்தையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் பதிவு செய்த ஆர்டிஓ அலுவலகத்தையும் காட்டும். 38 கோவை வடக்கு, 41 பொள்ளாச்சி, 59 மதுரை வடக்கு, 70 ஓசூர், 72 திருநெல்வேலி, 74 நாகர்கோவில். இது பதிவான இடம் மட்டுமே. 74 என்று பார்த்ததும் ஓட்டுபவரை நாகர்கோவில்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

3. நடு எழுத்தும் கடைசி எண்ணும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு வரிசையில் எண் 9999 வரை ஓடி முடிந்ததும் அடுத்த எழுத்துக்குப் போகும். ஒற்றை எழுத்துகள் தீர்ந்ததும் ஏஏ, ஏபி என்று இரட்டை எழுத்துகள் தொடங்கும். ஒன்று, சுழியம் ஆகியவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஐ, ஓ ஆகிய இரண்டு எழுத்துகளையும் தருவதில்லை. அரசுப் பேருந்து ஒன்றின் முன்னே நின்று பாருங்கள், நடுவில் 'என்' இருக்கும். அரசுத் துறை ஜீப்பில் 'ஜி' இருக்கும். எந்த வண்டி பழையது என்று எழுத்து வரிசையை வைத்துக் கணிக்கலாம். ஆனால் ஒரே அலுவலகத்தின் எண்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். கூட்டம் அதிகமான அலுவலகத்தில் வரிசை வேகமாகத் தீர்ந்துவிடும்.

4. விதிவிலக்குகள்

ஆண்டில் தொடங்கி அடுத்து 'பிஎச்' என்று வந்தால், அது 2021-இல் அறிமுகமான பாரத் வரிசை, அதாவது மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத எண். மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் ராணுவ வண்டி.

5. பலகை அசல்தானா?

2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பலகை கட்டாயம். இடப்பக்கம் மேலே அசோகச் சக்கர ஹாலோகிராம், அதன் கீழே நீல நிறத்தில் 'இந்தியா' என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம், ஓரத்தில் லேசரால் பொறித்த எண் ஆகியவை இருக்கும். பின்பலகையை ஒருமுறை பூட்டினால் உடைத்துத்தான் கழற்ற முடியும். பழைய கார் வாங்கும்போது அந்தப் பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண ஸ்க்ரூ இருந்தால், காரணம் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தமிழ் எண்களில் பலகை எழுத ஆசைப்படுபவர்களின் மொழிப்பற்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆங்கில எழுத்தும் வழக்கமான எண்களும்தான் விதிப்படி செல்லும். தலைவர் படம், சாதிப் பெயர், அலங்கார எழுத்து எதற்கும் அந்தப் பலகையில் இடமில்லை.