முதல் டெலி லென்ஸ்: கம்மி பட்ஜெட்ல எதை வாங்கலாம்

டெலி லென்ஸ்னா தூரத்துல இருக்கற பறவை, விலங்கைக் கிட்டக் காட்டற லென்ஸ், எம்எம் ஏற ஏற இன்னும் கிட்டத் தெரியும். எத்தனை எம்எம் வேணும்னு கேக்கறதுக்கு முன்னாடி எதை எவ்வளவு தூரத்துல இருந்து எடுக்கப் போறோம்னு யோசிங்க, கணக்கு ரொம்ப சிம்பிள். வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 செ.மீ நீளம், அது 10 மீட்டர்ல உக்காந்திருக்கும்போது 300எம்எம் லென்ஸ்ல எடுத்தா சென்சார்ல 8 மி.மீ சொச்சம் விழும், ஏபிஎஸ்-சி (கம்மி பட்ஜெட் கேமராக்கள்ல வழக்கமா வர்ற சைஸ்) சென்சாரோட உயரமே 15 மி.மீ பக்கம்தான், அப்போ ஃபிரேம்ல பாதிக்குப் பறவை நிறைஞ்சிடும். அதே 20 மீட்டர்னா கால்வாசிதான். கிராப் பண்ணி சமாளிக்கலாம், ஆனா 16 செ.மீ சின்ன நீல மீன்கொத்தின்னா அதுவும் கஷ்டம்.

வேடந்தாங்கல்ல கரையில நின்னு எடுக்கறப்போ கூழைக்கடா, சங்குவளை நாரை எல்லாம் பெரிய உருப்படிங்க, மரத்தோட கூட்டமா எடுக்க 300 போதும், தனி ஒரு பறவையோட முகம் வேணும்னாதான் 500, 600 தேவைப்படும். முதுமலையில கதையே வேற. ரோட்டோரம் 15 மீட்டர்ல யானை நின்னா 150-600 லென்ஸ்ல 150ல வச்சாக்கூட முழுசா அடங்காது, 70 பக்கம் இறங்கணும். அதனால என் அபிப்பிராயம், முதல் லென்ஸா நிக்கான்ல டிஎக்ஸ் (ஏபிஎஸ்-சி கேமராவுக்கான) 70-300, இல்லன்னா கேனான்ல 55-250 வாங்குங்க. அரை கிலோகூட வராது, கழுத்துல மாட்டிட்டு நாள் முழுக்க நடக்கலாம். சிக்மா 150-600 கன்டெம்பரரி கிட்டத்தட்ட 2 கிலோ, ஒரு வருஷம் காலையில எழுந்து ஏரிக்கரைக்குப் போற பழக்கம் வந்தப்புறம் அதை செகண்ட் ஹேண்ட்ல பாக்கலாம்.

ஒண்ணு மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க, ஸ்டெபிலைசேஷன். கேனான் 75-300 III ரொம்ப மலிவா கிடைக்கும், அதுல ஐஎஸ் (ஸ்டெபிலைசேஷனுக்கு கேனான் வச்ச பேர்) கிடையாது, கை ஆடினா படம் போச்சு. நிக்கான் ஏ‌எஃப்-பி (ஸ்டெப்பிங் மோட்டார்ல ஃபோக்கஸ் ஆகற வகை) டிஎக்ஸ் 70-300லயே விஆர் (நிக்கானோட ஸ்டெபிலைசேஷன்) இருக்கறது, இல்லாததுன்னு ரெண்டு வகை இருக்கு, பேர்ல விஆர்னு இருக்கான்னு படிச்சுப் பாத்து வாங்குங்க. இன்னொண்ணு, ஏ‌எஃப்-பி லென்ஸ் டி3100, டி5100 மாதிரி பழைய பாடியில (லென்ஸ் இல்லாத கேமரா) ஃபோக்கஸே ஆகாது. பாடியைக் கையோட எடுத்துட்டுப் போய் மாட்டிப் பாக்காம காசு கொடுக்காதீங்க. ஆனா ஸ்டெபிலைசேஷன் நம்ம கை ஆட்டத்தைத்தான் பிடிக்கும், பறவை பறக்கறதை நிறுத்தாது, அதுக்கு ஷட்டர் 1/1000 வினாடியைவிட வேகமா வேணும். இந்த லென்ஸெல்லாம் ஜூம் கடைசியில எஃப் 5.6, 6.3ன்னுதான் திறக்கும் (எண் பெரிசானா உள்ள வர்ற வெளிச்சம் கம்மி), வெளிச்சம் கம்மியானா ஐஎஸ்ஓவை (கேமராவோட ஒளி உணர்திறன்) தயங்காம ஏத்துங்க, கிரெயின் வந்தாலும் பரவால்ல, ஷேக் ஆன படத்தைத் திருத்தறது ரொம்பக் கஷ்டம். 70-300க்குப் பின்னாடி 2எக்ஸ் கன்வெர்ட்டர் (எம்எம்மை ரெண்டு மடங்காக்கற துணை லென்ஸ்) மாட்டலாம்னு யாராவது சொன்னா வேண்டாம், எஃப் 11, 12.6ன்னு ஆயிடும், நிறைய பாடியில ஆட்டோஃபோக்கஸும் போயிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கறப்போ டார்ச் எடுத்துட்டுப் போங்க. நான் ஒருதடவை வெளிச்சமான கடையில சும்மா பாத்துட்டு வாங்கிட்டேன், வீட்டுக்கு வந்து இருட்டு ரூம்ல பின்பக்கமிருந்து டார்ச் அடிச்சாத்தான் உள்ள சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ் தெரிஞ்சுது, சுத்தம் பண்ண கேட்ட காசு லென்ஸ் விலையில பாதி. தூசி ரெண்டு துகள் இருந்தா கவலைப்படாதீங்க, படத்துல வராது, ஃபங்கஸ்தான் விஷம். அப்புறம் ஜூமை முழுசா நீட்டி, அபர்ச்சரை (வெளிச்சம் உள்ள வர்ற துவாரம்) முழுசா திறந்து, தூரத்துல ஒரு பெயர்ப்பலகையை எடுத்து நாலு மூலையும் பெரிசாக்கிப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் மங்கலா இருந்தா விட்டுடுங்க. விஆர் ஆன் பண்ணி ஷட்டரைப் பாதி அமுக்கினா வியூஃபைண்டர்ல ஆட்டம் அடங்கணும்.

வாங்கினதும் முதல் வேலை, காத்து புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். நம்ம கடலோர ஊர் ஈரத்துல பையிலயே மாசக்கணக்கா கிடந்தா எவ்வளவு நல்ல லென்ஸுக்கும் ஃபங்கஸ் பிடிக்கும், ஜெல் நிறம் மாறினா சூடு பண்ணி மறுபடி போடுங்க.