எஃப்7-இல் குதிரை பாய்வதற்கு முன்னால்

மே மாத வேலூர் வெயில், ஒரு பள்ளி ஹாலில் செஸ் போட்டி, மூன்றாவது ரவுண்டு. குடியாத்தத்துப் பையன் ஒருவனுக்கு எதிராக என் பெண் கறுப்பில் ஆடினாள். பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"சிப்பாய் சும்மா கிடந்துச்சுப்பா, எடுத்தேன்."

தப்பு அந்தச் 'சும்மா'வில்தான்.

இத்தாலியன் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு முறை. (சி4, எஃப்7 எல்லாம் பலகைக் கட்டங்களின் பெயர்கள்.) வெள்ளை பிஷப் சி4-க்கு வந்ததும் இவள் இரண்டாவது குதிரையை எஃப்6-இல் வைத்தாள். வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவியது. இப்போது எஃப்7-ஐ இரண்டு காய்கள் குறிவைக்கின்றன. காவலுக்கு ராஜா ஒருவர்தான். டி5-க்குச் சிப்பாயைத் தள்ளி பிஷப்பை மறித்தாள், அதுவரை சரி. வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டியது. இவள் குதிரையால் திருப்பி வெட்டினாள். போச்சு!

வெள்ளைக் குதிரை எஃப்7-இல் பாய்ந்து ராணியையும் யானையையும் சேர்த்து மிரட்டும். ராஜா அதை வெட்டினால், எஃப்3-இலிருந்து ராணி செக். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜாவே இ6-க்கு, நடுத்தெருவுக்கு, வர வேண்டும். பின்வாங்கினால் பிஷப் குதிரையை வெட்டிவிடும். இதற்கு ஃப்ரைட் லிவர் என்று பெயர். இத்தாலிக்காரர் போலேரியோ சுமார் 400 வருஷத்துக்கு முன்பே ஆடிக் காட்டிய தாக்குதல் இது.

சிப்பாயை விட்டுவிட்டு சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பை விரட்டுவதே நல்லது. பிஷப் பி5-இல் செக் தரும். சி6-இல் சிப்பாயை வைத்து மறிக்கலாம். ஒரு சிப்பாய் குறையும், குறையட்டும். வெள்ளை பிஷப்பும் குதிரையும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது நம் காய்கள் வெளியே வந்துவிடும்.

வெள்ளையில் ஆடும் பிள்ளைகள் செய்வது வேறு கூத்து. இந்தப் பொறியை மனப்பாடம் செய்துவிட்டு, எதிராளி எஃப்6-இல் குதிரை வைக்காமல் பிஷப்பை சி5-க்குக் கொண்டுவந்தாலும் குதிரையை ஜி5-க்கு அனுப்புவார்கள். கறுப்பு ராணியின் வழி திறந்தே கிடக்கும், குதிரை இலவசம்.

அப்புறம், கேஸ்லிங், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்துவது. முதலில் ராஜாவைத்தான் தொட வேண்டும். யானையைத் தொட்டுவிட்டால் அந்த முறை அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது. வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை, போட்டியில் ஆர்பிட்டர் (நடுவர்) விடமாட்டார்.

ஐந்தாவது ரவுண்டிலும் இவளுக்கு அதே ஓப்பனிங்தான் வந்தது. குதிரை ஒழுங்காக ஏ5-க்குப் போனது. காய்களெல்லாம் வெளியே வந்து நல்ல நிலையில் இருந்தபோது எதிராளி டிரா கேட்டானாம்.

"ஒரு சிப்பாய் கம்மியா இருந்துச்சேப்பா, சரின்னுட்டேன்."