குச்சியைக் கையில் கொடுத்தால் மட்டும் கணக்கு வந்துவிடாது

"என் பையன் தொட்டுச் செய்து பார்த்தால்தான் கற்றுக்கொள்வான், படிக்கச் சொன்னால் மண்டையில் ஏறாது" என்று சொல்லும் பெற்றோர் நிறையப் பேர். முதல் தவறே இப்படி முத்திரை குத்துவதுதான். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அதற்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஹெரால்டு பாஷ்லரும் சக உளவியலாளர்களும் 2008இல் இருந்த ஆய்வுகளை அலசிச் சொன்ன முடிவு இது. கையால் செய்து பார்ப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவும். ஆனால், எதைச் செய்யச் சொல்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

கழித்தலை எடுத்துக்கொள்வோம். 32இலிருந்து 7 போக எவ்வளவு? 32 புளியங்கொட்டைகளைக் கொட்டி, ஏழு கொட்டையை எடுத்துவிட்டு மீதியை எண்ணச் சொன்னால், 25 என்று விடை வந்துவிடும். பிள்ளை கற்றது? எண்ணுவது மட்டும். அது முன்பே தெரிந்ததுதானே! இதையே ஈர்க்குச்சியில் செய்து பாருங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு மூன்று கட்டு, தனியாக இரண்டு குச்சி. "ஏழு குச்சி கொடு" என்று கேட்டால், உதிரியாக இருப்பது இரண்டுதான். ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்ததும் இரண்டு கட்டு, 12 குச்சி. நோட்டில் 3ஐ அடித்து 2 என்று மாற்றி, பக்கத்தில் 12 போடுகிறோமே, அது இதுதான். கட்டைப் பிரித்த அந்த நொடியிலேயே நோட்டிலும் எழுத வைக்க வேண்டும். அரை மணி நேரம் குச்சி, அப்புறம் தனியாக நோட்டு என்றால் இரண்டும் ஒட்டாது.

ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே குதிப்பதும் இப்படித்தான். உடம்புக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால், வெறும் குதிப்பில் கணக்கு இல்லை. தரையில் சாக்பீஸால் எண்கோடு வரைந்து, 7, 14, 21 என்று தாவினால் அந்தக் குதிப்புக்கு அர்த்தம் உண்டு.

எழுத்துக்கு வருவோம். 1907இல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியைத் தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவும்போதே அதன் ஒலியையும் பிள்ளை கேட்கும், சொல்லும். நம் திண்ணைப் பள்ளியிலும் மணலில் எழுதியபடியே உரக்கச் சொன்னார்கள். இன்று வீட்டில் தட்டு நிறைய ரவையைக் கொட்டி எழுத விட்டுவிட்டு, நாம் போனைப் பார்க்கிறோம். பிள்ளை 'அ'வைக் கடைசிக் கோட்டிலிருந்து தலைகீழாக இழுத்தாலும் கவனிப்பதில்லை. அப்படிப் பழகிய கையைத் திருத்துவது பெரும்பாடு. மறுபக்கம், மணிக்கட்டைப் பிடித்து நாமே இழுத்துக்கொண்டிருந்தாலும் பயனில்லை, எழுதுவது நாம்தான்.

வண்ண வண்ண யானை, கார் பொம்மைகளை எண்ணச் சொன்னால் பிள்ளை விளையாடப் போய்விடும். சாதாரணக் குச்சியே போதும்.

அந்தக் குச்சியையும் ஒருநாள் எடுத்துவிட வேண்டும், ஆனால் திடீரென்று வேண்டாம். முதலில் குச்சி, அடுத்து தாளில் கட்டுக்கு ஒரு நெடுங்கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி, பிறகு வெறும் எண். பிள்ளை தடுமாறினால் ஒரு படி இறங்கலாம். குச்சி இல்லாமல், "கட்டைப் பிரிச்சா எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால், புளியங்கொட்டையையும் ரப்பர் பேண்டையும் பாடம் முடிந்ததும் எண்ணி எடுத்து வைத்துவிடுங்கள். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும் வயது அது.