அலாஸ்கா நெடுஞ்சாலையில் பெட்ரோல் செலவைக் குறைக்க

மோட்டார்ஹோமில் (தங்கும் வசதியுள்ள வண்டி) அலாஸ்கா நெடுஞ்சாலை வழியாக வடக்கே போகிறீர்களா? கனடாவில் வழியில் வரும் ஃபோர்ட் நெல்சன் ஊரில் டாங்க்கை முழுதாக நிரப்புங்கள். அடுத்து வாட்சன் லேக் ஊரில் நிரப்பினால் போதும்.

இடையில் உள்ள 500 கி.மீ.க்குச் சற்று அதிகமான தூரத்தில் சாலையோர விடுதிகள்தான் பெட்ரோல் விற்கின்றன. அங்கே மின்கம்பி கிடையாது, ஜெனரேட்டர்தான். பெட்ரோலும் வெகுதூரம் லாரியில் வரவேண்டும். அதனால்தான் விலை அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெட்ரோல் போடாவிட்டாலும் அங்கே நிறுத்தி ஒருவேளை சாப்பிடுங்கள், அந்த விடுதிகள் நிலைக்க வேண்டும். ஃபோர்டு இ-450 வகை வண்டியின் டாங்க் சுமார் 208 லிட்டர் கொள்ளும். 100 கி.மீ.க்கு 30 லிட்டர் குடித்தாலும் கணக்கு சரியாக வரும். வண்டியின் ஜெனரேட்டரும் இதே டாங்க்கில்தான் உறிஞ்சும், ஆனால் கால் டாங்க் அளவில் பொதுவாகத் தானே நின்றுவிடும்.

சிறிய வேன், பின்னால் கார் இழுக்கும் வண்டி, எதிர்க்காற்று பலமான நாள், குளிர்காலம் என்றால் இது வேண்டாம். வழியில் 1,295 மீட்டர் உயர சம்மிட் கணவாயும் ஏறவேண்டும். பாதித் தூரம் போவதற்குள் அரை டாங்க்குக்குக் கீழே போனால், விலை பார்க்காமல் போட்டுவிடுங்கள்.

கனடாவின் வடகோடிக்குப் போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலைக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே சாலை தொடங்கும் இடத்திலிருந்து ஈகிள் பிளெயின்ஸ் என்ற நிறுத்தம் வரை 369 கி.மீ.க்கு பெட்ரோல் கிடையாது. ஈகிள் பிளெயின்ஸில் என்ன விலை இருந்தாலும் நிரப்பிக்கொண்டே கிளம்புங்கள்.